பேட்டரி சைக்கிள்: வாசகர் கேள்வி பதில்

பேட்டரி சைக்கிள் பற்றி மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கடையில் 45 கிலோமீட்டர் போகும் என்றார்கள். எனக்கு 22-ஐத் தாண்டவே இல்லை. பேட்டரி கோளாறா, ஏமாற்றிவிட்டார்களா? பேட்டரியில் 36 வோல்ட், 7.5 ஆம்பியர் ஹவர் என்று இருக்கிறது.
– கல்லூரி மாணவி, நாகமலை புதுக்கோட்டை

பேட்டரி நன்றாகவே இருக்கிறது. 36-ஐயும் 7.5-ஐயும் பெருக்குங்கள்: 270 வாட் ஹவர். உங்கள் வண்டியின் பெட்ரோல் டேங்க் அவ்வளவுதான். மிதிக்காமல் ஆக்சிலேட்டரை மட்டும் திருகிக்கொண்டு போனால் கிலோமீட்டருக்குச் சுமார் 12 வாட் ஹவர் தின்னும். வகுத்துப் பார்த்தால் 22 சொச்சம் வருகிறது. உங்கள் வண்டி கணக்குப்படிதான் ஓடுகிறது. பெடல் அசிஸ்டில் (நாம் மிதிக்கும்போது மட்டும் மோட்டார் கூட உதவும் முறை) போட்டுக் கூடவே மிதித்தால் செலவு 7, 8 வாட் ஹவராக இறங்கும். அப்போது அதே சார்ஜில் 34 முதல் 38 கிலோமீட்டர் கிடைக்கும். விளம்பரத்து 45 என்பது எடை குறைந்த ஆள், சமதளம், அசிஸ்ட் ஒன்றாம் நம்பர், எதிர்காற்று இல்லை என்ற நிலையில் வருவது. அந்த நிலை நம் ரோட்டில் வாய்ப்பது அபூர்வம்.

அதற்கு மேலும் கூட்ட இரண்டு வழி உண்டு. ஒன்று டயர் காற்று. 26 இஞ்ச் டயரில் 45 பி.எஸ்.ஐ. இருக்கட்டும்; டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். கையால் அமுக்கிப் பார்த்து ‘நல்லாத்தானே இருக்கு’ என்று விடுகிற டயரில் பல நேரம் 30 கூட இருக்காது. இரண்டாவது, கிளம்பும் விதம். நின்ற இடத்திலிருந்து வண்டியை நகர்த்தும்போதுதான் மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும். சிக்னலில் பச்சை விழுந்ததும் முதல் நாலு மிதியை நீங்களே மிதித்துவிடுங்கள். ஆடிக் காற்றுக்கு மட்டும் மருந்து கிடையாது. ஆனி, ஆடியில் மேற்கே முகம் வைத்துப் போகும் பாதைக்கு நாலில் ஒரு பங்கு குறைத்தே கணக்குப் போடுங்கள்.

லைசென்ஸ், ஆர்.சி. எதுவும் தேவையில்லை என்று விற்கிறார்கள். நம்பலாமா? பத்தாம் வகுப்பு படிக்கும் பையனுக்கு வாங்க நினைக்கிறேன்.
– ஒரு தந்தை, திருநகர்

வண்டியைப் பொறுத்தது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் விதி 2, உட்பிரிவு (யு) இதைச் சொல்கிறது. மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் (அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடியது) 0.25 கிலோவாட்டுக்கு, அதாவது 250 வாட்டுக்குக் குறைவு, உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவு, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மேல் இல்லை, முன்னால் வெள்ளையும் பின்னால் சிவப்புமாக ஒளி திருப்பும் பட்டைகள், ஒழுங்கான பிரேக். இவை எல்லாம் இருந்தால் அது மோட்டார் வாகனம் அல்ல. ஆகவே பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம். வண்டி இந்த வரம்புக்குள் வருகிறது என்று அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் கொடுத்த சான்றின் நகலைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ‘அதெல்லாம் கம்பெனியில் இருக்கும்’ என்று பேச்சை மாற்றினால் வேறு கடை பாருங்கள்.

சிக்கல் வாங்கிய பிறகுதான் வருகிறது. மோட்டாருக்குப் போகும் கரண்ட்டை அளந்து விடும் பெட்டிதான் கன்ட்ரோலர். பல கன்ட்ரோலர்களில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒயர் ஒன்று தனியாக இருக்கும். அதைக் கழற்றிவிட்டால் வண்டி 32, 35 என்று பறக்கும். பையன்களுக்கு இது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அந்த நிமிடமே அது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். யார் மேலாவது இடித்தால் நஷ்ட ஈடு முழுவதும் உங்கள் பையிலிருந்து போகும். 500 வாட், 750 வாட் மோட்டாரை வைத்துக்கொண்டு ‘ஸ்பீடு லாக் பண்ணியிருக்கு’ என்று விற்பதும் சட்டப்படி செல்லாது. ஹெல்மெட் கட்டாயம் இல்லாவிட்டாலும் பையனுக்கு வாங்கிக் கொடுங்கள்.

இரவு முழுக்க சார்ஜில் விடலாமா? வெயில் காலத்தில் பேட்டரி சீக்கிரம் போய்விடும் என்கிறார்கள், உண்மையா?
– ஆசிரியை, அனுப்பானடி. இதே கேள்வியை இன்னும் பலர்

உண்மைதான். நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது ஓட்டம் அல்ல, சூடு. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரை, வைகாசியில் நிழலே 39, 40 காட்டுகிறது. பள்ளிக்கூட வாசலில் வெயிலில் நிறுத்திய வண்டியின் கறுப்புப் பெட்டி தொட்டால் சுடும். உள்ளே 50-ஐத் தாண்டியிருக்கும். வீட்டுக்கு வந்த கையோடு அதைச் சார்ஜில் போடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. பேட்டரியைக் கழற்றி நிழலில், தரையில் ஒரு மணி நேரம் வையுங்கள். புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடு தெரியவில்லை என்றால் மாட்டுங்கள். பகலில் வண்டியை வெயிலில்தான் நிறுத்தியாக வேண்டும் என்றால், சாவி போட்டுப் பேட்டரியை மட்டும் கழற்றி உள்ளே கொண்டுபோய்விடுவது நல்லது. திருட்டுக்கும் அதுவே காவல்.

36 வோல்ட் பேட்டரி என்பது பத்து செல் வரிசை. ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட் வரை ஏறும், ஆகமொத்தம் 42. நிறைந்ததும் சார்ஜரில் பச்சை விளக்கு எரியும், கரண்ட் நின்றுவிடும். ஆகவே நல்ல சார்ஜராக இருந்தால் இரவெல்லாம் விட்டாலும் ‘ஓவர் சார்ஜ்’ ஆகாது. ஆனால் 42 வோல்ட்டில் நிறைந்த பேட்டரி சூட்டில் சும்மா கிடந்தாலே தேயும். அதனால் காலை 7 மணிக்குக் கிளம்புகிறவர் அதிகாலையில் முடிகிற மாதிரி போடுவது மேல். 2 ஆம்பியர் சார்ஜர் காலியான 7.5 ஆம்பியர் ஹவர் பேட்டரியை நிரப்ப நாலு, நாலரை மணி நேரம் எடுக்கும். பாதி தீர்ந்ததற்கு இரண்டரை மணி போதும். தினம் பத்துக் கிலோமீட்டர்தான் ஓட்டம் என்றால் பச்சை எரியும் வரை காத்திருக்கவே வேண்டாம், கொஞ்சம் முன்னால் பிடுங்கிவிடலாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மட்டும் முழுதாக ஏற்றி, பச்சை வந்த பிறகும் ஒரு மணி நேரம் விட்டுவையுங்கள். செல்களுக்கு இடையே உள்ள ஏற்றத்தாழ்வை உள்ளிருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் கண்காணிக்கும் சர்க்யூட்) அட்டை சமன்செய்வது அந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

கோடை விடுமுறைக்கு இரண்டு மாதம் வண்டியை எடுக்கப்போவதில்லையா? முழுதாகவும் வைக்காதீர்கள், காலியாகவும் வைக்காதீர்கள். மல்டிமீட்டரில் 37, 38 வோல்ட் இருக்கிற மாதிரி வைத்து, வீட்டில் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். 30-க்குக் கீழே விழுந்து வாரக்கணக்கில் கிடந்த பேட்டரியைக் கார் பேட்டரியோடு ஒயரைத் தொட்டு ‘எழுப்பித் தருகிறேன்’ என்பவரிடம் கொடுக்காதீர்கள். அவ்வளவு இறங்கிய செல்லுக்குள் செம்புத் தகடு கரைந்து, திரும்பச் சார்ஜ் ஏறும்போது உள்ளேயே ஷார்ட் ஆக வழியுண்டு.

சார்ஜ் போடும் இடம்: மாடிப்படிக்குக் கீழே, வாசல் நடை, கட்டிலுக்கு அடியில், கேஸ் சிலிண்டர் பக்கத்தில் வேண்டாம். தீப்பிடித்தால் நீங்கள் வெளியே ஓட வேண்டிய வழி அடைபடக் கூடாது. சிமென்ட் தரை, சுற்றிலும் துணி காகிதம் இல்லாத மூலை போதும். சார்ஜர் கெட்டுப்போனால் பின் பொருந்துகிறது என்பதற்காகக் கிடைத்ததை மாட்டக் கூடாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கான 36 வோல்ட் சார்ஜர் 43.8 வோல்ட் தரும்; 42 வோல்ட்டில் நிறையும் உங்கள் பேட்டரிக்கு அது ஆகாது. சார்ஜரின் முதுகில் ‘அவுட்புட் 42 வோல்ட்’ என்று இருக்கிறதா பாருங்கள். பேட்டரி உப்பினாலும், நெயில் பாலிஷ் போல வாடை அடித்தாலும் சார்ஜைப் பிடுங்கி வெட்டவெளியில் வைத்துவிட்டுக் கடைக்குச் சொல்லுங்கள்.

மழையில் ஓட்டலாமா?
– ஆரப்பாளையம் வாசகர்

ஓட்டலாம். நனைவது வேறு, முங்குவது வேறு. ஐப்பசி மழையில் ரயில்வே பாலத்துக்கு அடியில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் ஆபத்து. 26 இஞ்ச் சக்கரத்தின் நடு அச்சு தரையிலிருந்து ஒரு அடிக்குச் சற்று மேலே இருக்கும். மோட்டாரின் ஒயர் உள்ளே நுழைவது அந்த அச்சின் ஓட்டை வழியாகத்தான். தண்ணீர் புகுவதும் அதே வழி. பெடல் அச்சும், அதை ஒட்டிய அசிஸ்ட் சென்சாரும் அதைவிடவும் தாழ்வு. முன்னால் போகிற சைக்கிளில் பெடல் தண்ணீரைத் தொடுவது தெரிந்தால் இறங்கித் தள்ளக்கூட வேண்டாம், திருப்பிவிடுங்கள்.

மோட்டார் ஒயர் அச்சிலிருந்து வெளியே வந்ததும் கொஞ்சம் கீழே தொங்கி வளைந்து, பிறகு மேலே ஏறும்படி கட்டுங்கள். ஒயர் மேல் வழியும் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். நேராக மேலேயிருந்து அச்சுக்குள் இறங்கினால் தண்ணீருக்கு நாமே வழி காட்டியது போலாகும். முங்கிவிட்டால் ஸ்விட்சைப் போடாமல் பேட்டரியைக் கழற்றி, கன்ட்ரோலர் பெட்டியின் மூடியைத் திறந்து, காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள் வையுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் தண்ணீர் அடிக்கவே கூடாது. ஈரத்துணி போதும்.

டிஸ்பிளே எரிகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. சில நேரம் ‘டடடட’ என்று உதறி நிற்கிறது. கடையில் மோட்டார் போய்விட்டது, புதிது போட வேண்டும் என்கிறார்கள்.
– மில் தொழிலாளி, கப்பலூர்

மோட்டாரைச் சந்தேகிப்பது கடைசியில். நீங்கள் எழுதியிருப்பது இரண்டு வேறு கோளாறு.

அசைவே இல்லாதபோது முதலில் பிரேக் லீவரைப் பாருங்கள். பிரேக் பிடித்தால் மோட்டாருக்குக் கரண்ட்டை நிறுத்தும் சிறிய ஸ்விட்ச் இரண்டு லீவரிலும் உண்டு. தூசியாலோ, லீவர் முழுதாகத் திரும்பாததாலோ அது அழுந்தியே இருந்தால், நீங்கள் பிரேக் பிடித்திருப்பதாகவே கன்ட்ரோலர் நினைக்கும். பின்சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, இரண்டு லீவரிலிருந்தும் வரும் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு ஆக்சிலேட்டரைத் திருகுங்கள். சுற்றினால் செலவு ஒரு லீவரோடு முடிந்தது. கழற்றியபடியே ரோட்டில் ஓட்ட வேண்டாம்.

அப்போதும் சுற்றவில்லை என்றால் ஆக்சிலேட்டர். கறுப்புக்கும் சிக்னல் ஒயருக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தால் சும்மா இருக்கும்போது 0.8 வோல்ட் அளவிலும், முழுதாகத் திருகும்போது 3.5-க்கு மேலும் காட்ட வேண்டும். ஆக்சிலேட்டர் வேலை செய்து, மிதித்தால் மட்டும் மோட்டார் வரவில்லை என்றால், பெடல் அச்சில் உள்ள காந்த வட்டுக்கும் சென்சாருக்கும் இடைவெளி கூடியிருக்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். செருப்பு பட்டு வட்டு நகர்ந்துவிடுவது அடிக்கடி நடப்பது.

இனி அந்த ‘டடடட’. மோட்டாருக்குப் போவது மூன்று தடித்த ஒயர், ஐந்து மெல்லிய ஒயர். தடித்தவை கரண்ட் கொடுப்பவை. மெல்லியவை, காந்தம் எந்த நிலையில் இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சார்களுடையவை. இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் மோட்டார் கிளம்பத் தெரியாமல் உதறும். அதிகம் நடப்பது இதுதான்: பின்சக்கர பஞ்சர் ஒட்டிய பிறகு வட்டக் கனெக்டரை அம்புக்குறி பார்க்காமல் அழுத்தி, உள்ளே ஒரு பின் வளைந்துவிடுகிறது. கழற்றி, வெளிச்சத்தில் எல்லாப் பின்னையும் பாருங்கள். அச்சருகே ஒயர் நசுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள்.

பின் சரியாக இருந்தால் சென்சார் சோதனை. கனெக்டரை மாட்டி, ஸ்விட்ச் போட்டு, கன்ட்ரோலர் பக்கத்து ஹால் கனெக்டரின் பின்பக்கமாக மீட்டர் முனையை நுழையுங்கள். கறுப்புக்கும் சிவப்புக்கும் 5 வோல்ட் அளவில் இருக்கிறதா பாருங்கள். பிறகு கறுப்புக்கும் மஞ்சள், பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் நடுவே மீட்டரை வைத்து, சக்கரத்தைப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். மீட்டர் பூஜ்யத்துக்கும் 5-க்கும் மாறிமாறிக் குதிக்க வேண்டும். முன்பக்கமாகச் சுற்றினால் கியர் உள்ள மோட்டாரில் ஃப்ரீவீல் விட்டுக்கொடுத்துவிடும், உள்ளே எதுவும் அசையாது. இது தெரியாமலே ‘மூணும் போச்சு’ என்று தீர்ப்பு எழுதும் கடைகள் உண்டு. ஒரு ஒயர் மட்டும் குதிக்கவில்லை என்றால் அந்தச் சென்சார் போய்விட்டது. மோட்டாரைத் திறந்து மாற்றலாம். பொருளின் விலை சொற்பம், கூலிதான் கூட வரும். நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

‘கர்ர்’ என்று அரைக்கிற சத்தம் வந்து, மோட்டார் சுற்றியும் சக்கரம் தள்ளவில்லை என்றால் உள்ளிருக்கும் நைலான் பற்சக்கரங்கள் தேய்ந்திருக்கும். மூன்றும் ஒரு செட்டாக மாற்ற வேண்டும்.

ஊர்ப்பக்கம் சீமைக்கருவேல முள். வாரம் ஒரு பஞ்சர். மோட்டார் சக்கரம் என்றதும் பஞ்சர் கடையில் கையை விரிக்கிறார்கள்.
– விவசாயி, உசிலம்பட்டி பக்கம்

சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். வண்டியைச் சாய்த்து, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து, டியூப்பை வெளியே இழுத்து ஒட்டிவிடலாம். கருவேல முள் டயருக்குள் ஒடிந்து நிற்கும். டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் துடைத்தால் நுனி துணியில் மாட்டும். அதை எடுக்காமல் ஒட்டினால் அடுத்த தெருவில் மறுபடி பஞ்சர்.

டியூப் மாற்றத்தான் கழற்ற வேண்டும். முதலில் மோட்டார் கனெக்டர், பிறகு ஒயரைக் கட்டிய டேக், பிறகு 18 நம்பர் ஸ்பானர். நட்டுக்கு உள்ளே நாக்கு வைத்த வாஷர் ஒன்று இருக்கும். அந்த நாக்கு ஃபிரேமின் பிளவுக்குள் உட்கார வேண்டும். எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது நட்டை 40 நியூட்டன் மீட்டர் முறுக்க வேண்டும். 25 சென்டிமீட்டர் ஸ்பானரின் நுனியில் 16 கிலோ அழுத்தம். சாதாரண சைக்கிள் நட்டு மாதிரி விட்டால் அச்சே திரும்பி ஒயரை முறுக்கி அறுத்துவிடும். மோட்டார் செலவு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

முள்ளுக்கு: டயருக்கும் டியூப்புக்கும் நடுவே பட்டை, டியூப்பில் 100 முதல் 120 மில்லி சீலன்ட் திரவம். நம் சூட்டில் அது சீக்கிரம் உலரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப ஊற்றுங்கள். வால்வின் உள்முனை கழலும் டியூப்பில்தான் ஊற்ற முடியும்.

அப்பாவின் பழைய கறுப்பு சைக்கிளில் மோட்டார் கிட் பூட்டலாமா?
– மேலூர் வாசகர்

ஆசை புரிகிறது, ஆனால் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பின்பக்க ஹப் மோட்டாருக்கு (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்) ஃபிரேமின் இரு காதுகளுக்கு நடுவே 135 மில்லிமீட்டர் வேண்டும்; அந்தச் சைக்கிளில் அவ்வளவு இடைவெளி இருக்காது. முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40 கம்பி. மோட்டார் ஹப்பில் பெரும்பாலும் 36 ஓட்டை. ஆகவே பழைய ரிம் எதுவும் பொருந்தாது. புது ரிம் போட்டால் ராடு பிரேக் பிடிக்காது, ஏனென்றால் அது ரிம்மின் உட்பக்கத்தைப் பிடிப்பது. எல்லாவற்றையும் மாற்றிய பிறகு மிஞ்சுவது ஃபிரேம் மட்டுமே. ஏற்கெனவே வி-பிரேக் (ரிம்மை இரு பக்கவாட்டிலும் பிடிப்பது) உள்ள 26 இஞ்ச் சைக்கிள் ஒன்று கிடந்தால் அதில் பூட்டுங்கள். முன்சக்கர மோட்டார் என்றால் இரும்பு ஃபோர்க்தான், அலுமினியம் கூடாது. அச்சைத் திரும்பவிடாமல் பிடிக்கும் டார்க் ஆர்ம் கட்டாயம்.

கேரியரில் எவ்வளவு கனம் ஏற்றலாம்? விடியற்காலை மாட்டுத்தாவணியில் பூ எடுக்கிறேன்.
– பூ வியாபாரி, செல்லூர்

சாதாரணக் கேரியர் தாங்குவது 25 கிலோ. மல்லிகைக்கு அது தாராளம். ஆனால் ஈரத் துணி, தராசு, எடைக்கல் சேர்ந்தால் கணக்குத் தப்பும். பின்சக்கரத்தில் மோட்டாரும் கனமும் சேர்வதால் முதலில் விடுவது ஸ்போக்ஸ்தான். மாதம் ஒருமுறை இரண்டிரண்டாகப் பிடித்து அமுக்குங்கள். தளர்ந்தது ஒன்று இருந்தாலும் அன்றே முறுக்குங்கள். ஒன்று அறுந்து ஓட்டினால் பக்கத்தில் உள்ளவை வரிசையாக அறும். பிரேக் கட்டையும் மற்றவர்களைவிட உங்களுக்குச் சீக்கிரம் தேயும்.

பழைய பேட்டரியில் செல் மாற்றித் தருகிறேன் என்கிறார் ஒருவர். பாதி விலை. கொடுக்கலாமா?
– எல்லீஸ் நகர் வாசகர்

கொடுக்கலாம், நாலு கேள்வி கேட்டுவிட்டு. எல்லா செல்லும் புதிதா? கெட்டதை மட்டும் மாற்றினால் பழசு புதுசு ஒத்துப்போகாது, ஆறு மாதம்கூட வராது. செல்லின் கொள்ளளவு என்ன? 18650 அளவு செல்லில் பெரும்பாலும் 3.5 ஆம்பியர் ஹவர்தான் உச்சம். மேலே 9800 மில்லி ஆம்பியர் ஹவர் (அதாவது 9.8 ஆம்பியர் ஹவர்) என்று அச்சிட்டிருந்தால் போலி. இணைப்பு ஸ்பாட் வெல்டிங்கா, ஈயப் பற்றா? நேரடியாகச் செல்மேல் பற்றவைத்தால் சூட்டில் உள்ளே கெடும். கடைசியாக, முழு சார்ஜில் பத்து வரிசையையும் உங்கள் முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். வரிசைக்கு வரிசை 0.05 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பில் வாங்குங்கள். கழித்த செல்களைக் குப்பையில் போடாமல், பேட்டரி விற்ற கடையிலோ மின்கழிவு எடுப்பவரிடமோ சேர்க்கச் சொல்லுங்கள்.

கரண்ட் கட் நாளில் இன்வெர்ட்டரில் சார்ஜ் போடலாமா? மாதம் எவ்வளவு பில் ஏறும்?
– வில்லாபுரம் வாசகி

போடலாம். 42 வோல்ட், 2 ஆம்பியர் சார்ஜர் இழுப்பது சுமார் 100 வாட். ஒரு ஃபேனும் ஒரு லைட்டும் மாதிரி. ஆனால் நாலு மணி நேரம் விட்டால் வீட்டு ஃபேன் நின்றுவிடும், ஆகவே அவசரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். செலவு: 270 வாட் ஹவர் பேட்டரியை நிரப்ப, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 0.32 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றே வைத்தாலும் முழு சார்ஜுக்கு 2 ரூபாய் 60 காசு. மாதம் 25 தடவை என்றால் 65 ரூபாய்.